உஷ் வாத்தியார்

ஜூலை மாதத்தில் பத்து நாள் எங்கள் கெண்ட் நகரம் தூங்குவதில்லை. தூங்கியே ஆகவேண்டும் என்பவர்கள் ஊரைவிட்டுப் போய்விடுவார்கள். அப்படிப் போகிறவர்களில் எங்கள் தெரு ஒடிலோன் வாத்தியாருக்குத்தான் முதலிடம். திருவிழா தொடங்கும் வெள்ளிக்கிழமை, கடைக்காரர்கள் இன்னும் பீர்ப் பீப்பாய்களை இறக்கிக்கொண்டிருக்கும்போதே, சாம்பல் நிற மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு பழைய தோல் பெட்டியோடு வாசலில் வந்து நிற்பார். வானத்தில் பொட்டு மேகம் இருக்காது. இருந்தாலும் மழைக்கோட்டுதான்.

"ஃபிர்மின்! அந்தப் பீப்பாயை உருட்டாம தூக்கிட்டுப் போனா கை தேஞ்சிடுமா?" என்று எதிர்ச்சாரியில் மதுக்கடை வைத்திருப்பவனைப் பார்த்து ஒரு குரல் கொடுப்பார். ஊரிடம் அவர் விடைபெறும் விதம் அது.

"சரிங்க சார். நல்லபடியா போயிட்டு வாங்க சார்" என்பான் ஃபிர்மின். ஐம்பது வயதைத் தாண்டிவிட்டான், பேரன் பிறந்துவிட்டான், இன்னும் அவரைக் கண்டால் கை தானாகப் பின்னால் போய்க் கட்டிக்கொள்ளும். அவன் மட்டுமா, ஊரில் பாதிப் பேர் அவரிடம் லத்தீன் படித்தவர்கள். படித்தார்கள் என்பதைவிட, அவர் "உஷ்!" என்று சொல்வதைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தார்கள் என்பதுதான் சரி.

ஓய்வு பெற்ற பிறகு வகுப்பறை இல்லாமல் போனதால் வாத்தியார் தெருவையே வகுப்பறையாக்கிக்கொண்டார். மாடி ஜன்னலைத் திறந்து, தலையை நீட்டி, உதட்டில் விரலை வைத்து "உஷ்!" என்பார். சைக்கிள் மணிக்கு உஷ். குப்பை வண்டிக்கு உஷ். புனித யாக்கோபு கோயில் மணிக்கே ஒருமுறை உஷ் சொன்னார் என்று ஃபிர்மின் சத்தியம் செய்வான். திருவிழாவைத் தெருவுக்குள் விடக்கூடாது என்று நகர மன்றத்துக்கு அவர் நடந்த நடையில், வாசல் காவலாளிக்கு அவருடைய முழங்கால் வலியின் கதை முழுவதும் மனப்பாடம்.

திருவிழாவுக்குப் பயந்து அவர் போகிற இடம் ஆர்டென் மலைக்காட்டில் இருக்கும் ஒரு துறவி மடம். துறவிகள் பேசமாட்டார்கள். சாப்பாட்டு மேஜையில் உப்பு வேண்டுமென்றால் விரலைத்தான் காட்டவேண்டும். வாத்தியாருக்கு அது சொர்க்கம். அவர் மனைவி லுத்கார்ட் அக்கா மட்டும் கூடப் போகமாட்டார். அவர்களுக்குப் பக்கத்து வீட்டில் பிறந்தவள் நான். சின்ன வயதிலிருந்து அக்கா என்றுதான் கூப்பிடுவேன். "எனக்கு அந்த மடம் ஒத்துவராது. ஓஸ்டெண்டுல தங்கச்சி பவுலா வீட்டுக்குப் போறேன். கடல்காத்து நெஞ்சுக்கு நல்லது" என்று அக்கா சொல்லிவிடுவார். இருபது வருஷத்துக்கு மேல் இப்படியே நடந்தது. வருஷா வருஷம் பத்து நாள் கடற்கரையில் இருந்தும் அக்காவின் முகம் கொஞ்சம்கூட வெயில்பட்டுச் சிவக்கவில்லை என்பதை வாத்தியார் கவனித்ததில்லை. அவருக்குக் காது வேலை செய்த அளவுக்குக் கண் வேலை செய்யவில்லை.

போன வருஷத்துக்கு முந்தைய வருஷம் மடத்தில் அவருக்குச் சனி பிடித்தது. கோயில் கூரைக்கு ஓடு மாற்றிக்கொண்டிருந்தார்கள். பேசாத துறவிகள் இருந்த இடத்தில் பேச்சை நிறுத்தாத கூரை வேலைக்காரர்கள். காலையிலிருந்து சுத்தியல், துளைபோடும் எந்திரம், போதாததற்கு ஒரு ரேடியோ. வாத்தியார் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்து "உஷ்!" என்றார். கூரையில் இருந்தவன் கையை ஆட்டி, "காலை வணக்கம் தாத்தா!" என்றான். மடத்துத் தலைவரிடம் போய் முறையிட்டார். அது மௌன நேரம் என்பதால் அவர் பதில் பேசாமல் புன்னகை செய்து, தோளைக் குலுக்கி, வாத்தியார் தட்டில் இன்னொரு துண்டு பாலாடைக்கட்டி வைத்தார்.

நாலைந்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவர், பிறகு பெட்டியைக் கட்டினார். வீட்டுக்குப் போக முடியாது, அங்கே திருவிழா. மனைவி இருக்கும் ஓஸ்டெண்டுக்கே போய்விடலாம் என்று மடத்துத் தாழ்வாரத்துத் தொலைபேசியில் மைத்துனியைக் கூப்பிட்டார்.

"பவுலா, லுத்கார்டைக் கூப்பிடு."

"லுத்கார்டா?" என்றாள் பவுலா. "அவ... கடல்ல குளிக்கப் போயிருக்கா."

"கடற்கரை முழுக்க மழைன்னு ரேடியோவுல கத்துறானே?"

"மழையிலதான் அத்தான் கடல் தண்ணி வெதுவெதுன்னு இருக்கும்."

"சரி, இங்க கூரை வேலை, தாங்க முடியல. சாயங்காலம் நான் அங்க வரேன்னு சொல்லு. சூப்புல பூண்டு போடாத."

பவுலா உடனே அக்காவின் கைபேசிக்குக் கூப்பிட்டாள். விடாமல் கூப்பிட்டாள். அக்காவின் கைபேசி கெண்ட் நகரத்தில், எங்கள் தெருவில், அவருடைய பாவாடைப் பையிலேயே அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் பித்தளைக் குழல்காரர்கள் ஏழெட்டுப் பேர் ஊதிக்கொண்டிருந்ததில் யாருக்குக் கேட்கும்?

ஆர்டெனிலிருந்து பிரஸ்ஸல்ஸ், பிரஸ்ஸல்ஸிலிருந்து கெண்ட் வழியாக ஓஸ்டெண்ட். கெண்ட் வரும்போது ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வது என்று வாத்தியார் முடிவு செய்திருந்தார். ஆனால் கெண்டில் நின்ற ரயில் கிளம்பவில்லை. மேற்கே காற்றடித்துத் தண்டவாளத்தில் மரம் விழுந்துவிட்டது, எல்லோரும் இறங்குங்கள் என்றார்கள். பெட்டியோடு இறங்கினார். திருவிழா நாளில் டிராம் நடு ஊருக்குள் போகாது. ராத்திரிக்கு வீட்டில் போய்க் காதில் பஞ்சை வைத்துப் படுத்துவிட்டுக் காலையில் போகலாம் என்று நடக்கத் தொடங்கினார்.

லெய்யெ ஆற்றுப் பாலத்துக்கு வந்தபோது நகர முடியவில்லை. தோளோடு தோள் இடிக்கிற கூட்டம். ஒரு கையில் பீர், ஒரு கையில் உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலம், கழுத்தில் வெள்ளைக் கயிற்றுச் சுருக்கு. வாத்தியார் "உஷ்" என்றதும், "வழி விடுங்க" என்றதும் யார் காதிலும் விழவில்லை. அப்போது ஒரு சிவப்புக் குடை வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஃபீன் என்ற பெண், ஹாலந்துக்காரர்களுக்கு ஊர் சுற்றிக் காட்டுகிறவள். குடைக்கு மட்டும் கூட்டம் விலகி வழி விட்டது. வேறு வழியில்லாமல் வாத்தியார் குடைக்குப் பின்னால் நடந்தார். மழைக்கோட்டும் பெட்டியுமாக வந்தவரைத் தன் குழுவில் ஒருவர் என்றே ஃபீன் எண்ணிக்கொண்டாள். அங்கே நடந்ததையெல்லாம் பிறகு எனக்குச் சொன்னது, அந்தக் குழுவில் வந்திருந்த உட்ரெக்ட் நகரத்து அம்மாள் ஒருவர்.

"கயிறு எதுக்குன்னு கேட்டீங்கல்ல?" என்றாள் ஃபீன். "வரி கட்டமாட்டோம்னு சொன்னதுக்காக, இதே ஊர்ல பிறந்த சக்கரவர்த்தி எங்க ஊர்க்காரங்களை வெறுங்காலோட, கழுத்துல சுருக்குக் கயித்தோட வந்து மன்னிப்புக் கேக்க வெச்சாரு. வேற ஊரா இருந்தா வெக்கத்துல அதை மறைச்சிருக்கும். நாங்க அதே கயித்தை மாலையா மாட்டிக்கிட்டு வருஷா வருஷம் ஊர்வலம் போறோம்."

"எல்லாரும் கயிறு போடலை" என்றார் வாத்தியார் பின்னாலிருந்து. "பெரிய மனுஷங்க கறுப்பு அங்கியில போனாங்க. கயிறு மத்தவங்க கழுத்துலதான். சொன்னா சரியாச் சொல்லணும்."

ஃபீன் திரும்பிப் பார்த்தாள். "சார், நீங்க ஹாலந்துல எந்தப் பக்கம்?"

"நான் இந்த ஊரு."

குழு முழுவதும் சிரித்தது. "இந்த ஊர்க்காரர் யாராவது குடைக்குப் பின்னால நடப்பாங்களா சார்?" என்றாள் ஃபீன். "நல்லா ஜோக் அடிக்கிறீங்க. சரி, வாங்க. இப்ப ஒரு சந்துக்குப் போறோம். எந்தச் சுற்றுலாப் புத்தகத்திலயும் இருக்காது. அந்தத் தெருக்காரங்க தாங்களே வெச்சுக்கிட்ட வேடிக்கை. சாயங்காலம் ஆறு மணிக்கு. சீக்கிரம் போனாத்தான் இடம்."

திரும்பிய தெரு எங்கள் தெரு.

"அங்க ஒண்ணும் கிடையாது" என்றார் வாத்தியார். "அது குடும்பஸ்தர்கள் இருக்கிற தெரு. எனக்குத் தெரியாதா? அங்கதான் நான்..."

"உஷ்!" என்றாள் ஃபீன், உதட்டில் விரலை வைத்து. குழுவினர் எல்லோரும் அதே மாதிரி விரலை வைத்து "உஷ்!" என்று சொல்லிச் சிரித்தார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்று வாத்தியாருக்குப் புரியவில்லை.

தெருவுக்குள் நுழைந்ததும் புரிந்தது. அவர் வீட்டு வாசலில் ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தான். மாடி ஜன்னல் உயரம். பிரம்பால் கட்டிய உடம்பு, காகிதக்கூழில் செய்த தலை. கூடாரத் துணியில் தைத்த சாம்பல் நிற மழைக்கோட்டு. வாழைப்பழம் மாதிரி வளைந்த மூக்கு. ஒரு கை உதட்டில் விரலை வைத்திருந்தது. மார்பில் குறுக்காக ஒரு பட்டை, அதில் லத்தீனில் ஒரு வாசகம். வாத்தியார் முதலில் கண்டுபிடித்தது தன் மூக்கை அல்ல, வாசகத்தில் இருந்த இலக்கணப் பிழையை. பிறகுதான் மூக்குக்கு வந்தார்.

நான் அப்போது ஃபிர்மின் கடைக்காகப் பீர்த் தட்டோடு கூட்டத்தில் நுழைந்து நுழைந்து போய்க்கொண்டிருந்தேன். வாத்தியாரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பக்கத்து ஜன்னல் திண்டில் தட்டை வைத்துவிட்டேன். ஃபிர்மினை எச்சரிக்கலாம் என்றால் அவன் பொம்மைக்குள் இருந்தான். அக்காவை எச்சரிக்கலாம் என்றால் அவர் மாடியில், ஜன்னல் திரைக்குப் பின்னால், குரலைப் பெரிதாக்கும் தகரக் குழலோடு உட்கார்ந்திருந்தார். கோயில் மணி ஆறு அடித்துவிட்டது.

பொம்மை அசைந்தது. மாடியிலிருந்து குரல் வந்தது. கொஞ்சம் மூக்கால் பேசுகிற, கோபத்தில் கீச்சிடுகிற, அசல் வாத்தியார் குரல்.

"யார்ரா அது பீரை உறிஞ்சறது? வாயால குடி, மூக்கால குடிக்காத!"

கூட்டம் கைதட்டியது.

"முட்டை எவ்வளவு நேரம் வெந்துச்சு?"

"நாலு நிமிஷம்!" என்று தெருவே பதில் சொன்னது.

"எவ்வளவு நேரம் வேகணும்?"

"மூணு!"

"அப்ப இது முட்டையா?"

"கல்லு!"

"காலை நேரத்துல ரொட்டியை அப்படிக் கடிக்காத, பக்கத்து வீட்டுக்காரன் எழுந்துடுவான்! ஜன்னலைச் சாத்து, நிலா வெளிச்சம் சத்தம் போடுது!"

மற்றதை எவனாவது ஒட்டுக் கேட்டிருக்கலாம். நிலா வெளிச்சத்தைப் பற்றி வாத்தியார் சொன்னது ஒரே ஒரு முறை, பாதித் தூக்கத்தில். அப்போது பக்கத்தில் படுத்திருந்தது ஒரே ஓர் ஆள்.

"இப்ப எல்லாரும்..." என்றது குரல். ஆயிரம் கைகள் உயர்ந்தன. ஆயிரம் விரல்கள் உதட்டுக்கு வந்தன. "உஷ்!"

தெரு நின்றது. அதை எப்படிச் சொல்ல? பத்து நாள் திருவிழாவில் ஊருக்குள் எங்கேயும் கிடைக்காத ஒரு நிமிஷம் அது. குழந்தைகள்கூட மூச்சை அடக்கிக்கொள்ளும். கயிற்றில் கட்டிய காகிதக் கொடிகள் படபடப்பது கேட்கும். தெருமுனையில் லெய்யெ ஆறு படகுகளைத் தட்டுவது கேட்கும். அத்தனை வருஷம் அந்த வீட்டில் இருந்தும் தன் தெருவிலிருந்து ஆற்றுச் சத்தம் கேட்கும் என்பது வாத்தியாருக்குத் தெரியாது. எந்த நிசப்தத்துக்காக அவர் நகர மன்றத்துக்கு நடந்து முழங்காலைத் தேய்த்தாரோ, அந்த நிசப்தம் அவர் வாசலில் பெரிதாக நின்றுகொண்டிருந்தது.

வாத்தியாரால் அதைப் பொறுக்க முடியவில்லை.

"லுத்கார்ட்!" என்று கத்தினார்.

ஆயிரம் தலைகள் திரும்பின. ஆயிரம் விரல்கள் அவரைப் பார்த்து உதட்டில் நின்றன. பக்கத்தில் நின்ற உட்ரெக்ட் அம்மாள் அவர் கோட்டுக் கையைப் பிடித்து இழுத்து, காதோடு சொன்னாராம்: "கொஞ்சம் வாயை மூடுங்க சார். இந்த ஒரு நிமிஷத்துக்காக ரயில் ஏறி வந்திருக்கோம். சுத்தப் பட்டிக்காட்டு மனுஷனா இருக்கீங்களே!"

அவர் வாயை மூடிக்கொண்டார். வாழ்க்கையில் முதல்முறையாக அவரை ஒருவர் அடக்கினார், அவரும் அடங்கினார்.

நிமிஷம் முடிந்ததும் தெரு கூரை பிய்த்துக்கொள்வது போலக் கத்தியது. குழல்கள் ஊதின. உள்ளே ஒன்றும் பார்க்க முடியாத ஃபிர்மின் பொம்மையைச் சுழற்றி, தற்செயலாக வாத்தியாருக்கு நேரே நிறுத்தி, ஆழமாக ஒரு கும்பிடு போடவைத்தான். மாடி ஜன்னல் திரை விலகியது. லுத்கார்ட் அக்கா தகரக் குழலோடு எட்டிப் பார்த்தார். கணவரைக் கண்டார். திரை மூடிக்கொண்டது.

வாத்தியார் பெட்டியோடு வீட்டுக்குள் போனபோது நானும் பின்னால் போனேன். கைகலப்பு ஏதும் வந்துவிடக்கூடாதே என்றுதான் போனேன். கேட்கிற ஆசையும் இருந்தது. அதற்குள் ஊதி முடித்துவிட்டு வந்த குழல்காரர்கள் கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். அவருடைய தடித்த லத்தீன் அகராதி மேல் மாட்டிறைச்சிக் குழம்புச் சட்டி இருந்தது. அவரைக் கண்டதும் எல்லோரும் எழுந்து வரிசையாக நின்றார்கள். பிறகு எவனோ ஒருவன் கதவைத் திறக்க, சந்தடி இல்லாமல் வெளியே போய்விட்டார்கள். பொம்மையிலிருந்து வெளியே வந்த ஃபிர்மின் மட்டும் வியர்வையோடு உள்ளே வந்து மாட்டிக்கொண்டான்.

அக்கா படியிறங்கி வந்தார். குழலை மேஜைமேல் வைத்தார்.

"கூரை வேலையா?" என்றார். பவுலா விடாமல் கூப்பிட்டுச் செய்தியும் அனுப்பியிருந்தது அப்போதுதான் தெரிந்திருக்கிறது.

"ஓஸ்டெண்டுல மழையில கடல் வெதுவெதுன்னு இருக்காமே?" என்றார் வாத்தியார்.

"ஒடிலோன், உக்காரு."

"உக்காரமாட்டேன். எத்தனை வருஷமா நடக்குது இது?"

"முதல் வருஷம் நிஜமாவே ஓஸ்டெண்டுக்குத்தான் போனேன். பவுலா வீட்டுல ரெண்டு கிளி. நாள் முழுக்க ரெண்டும் ஒண்ணையொண்ணு திட்டிக்கும். மூணாம் நாள் திரும்பி வந்துட்டேன். ஜன்னலைத் திறந்தா தெரு நிறைய ஜனங்க. நீ இல்லாம எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. அதனால நானே தலையை நீட்டி, உன்னை மாதிரியே 'உஷ்'னு சொன்னேன். எல்லாரும் அடங்கிட்டாங்க. எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? ஊரே என்னைப் பாத்துச் சிரிக்குது!"

"ஊரே உன்னைப் பாக்க வருது. ரெண்டும் வேற."

"நிலா வெளிச்சம் பத்தி நான் சொன்னதை..."

"அதுதான் எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சது."

வாத்தியார் உட்கார்ந்தார். கோட்டைக் கழற்றவில்லை. "நீ என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"நீ கேட்டியா?" என்றார் அக்கா. குரல் உயரவில்லை. "கல்யாணம் ஆனதிலிருந்து ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, 'லுத்கார்ட், உனக்குத் திருவிழா பிடிக்குமா'ன்னு கேட்டியா? நான் பிறந்ததே இந்தத் திருவிழாவுலதான். எங்கம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி நுழைய முடியல."

வெளியே குழல்கள் விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கின. நான் ஃபிர்மினைப் பார்த்தேன், ஃபிர்மின் தரையைப் பார்த்தான். எங்களுக்குப் பயமாகத்தான் இருந்தது. அந்த வயதில் இரண்டு பேர் பிரிந்துபோனால் தெருவில் யார் முகத்தில் விழிப்பது?

வாத்தியார் தலையை நிமிர்த்தினார்.

"ஃபிர்மின்."

"சார்?"

"பட்டையில எழுதினது யாரு?"

"நான்தான் சார். மௌனம் பொன்னானதுன்னு..."

"பொன்னானவள்னு எழுதியிருக்கடா. லத்தீன்ல மௌனம் ஆணும் இல்ல, பெண்ணும் இல்ல. எத்தனை தடவை சொல்லிக்குடுத்தேன்? இருபது வருஷமா இந்தத் தப்பை என் நெஞ்சு மேல எழுதி, ஹாலந்துக்காரனுக்கெல்லாம் காட்டியிருக்க! அப்புறம் அந்த மூக்கு. என் மூக்கு அவ்வளவு பெரிசா?"

"தூரத்துலேர்ந்து தெரியணுமில்ல சார்..."

"கொஞ்சம் சின்னதாக்கு" என்றார் வாத்தியார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று நினைத்தேன். இல்லை.

மறுநாள் வாத்தியார் ஓஸ்டெண்டுக்குப் போகவில்லை. மடத்துக்கும் போகவில்லை. "என் வாயால சொல்றதை இன்னொருத்தர் ஏன் சொல்லணும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆறு மணிக்கு மாடி ஜன்னலில் அவரே உட்கார்ந்தார். பொம்மை அசைந்தது. அவர் தலையை வெளியே நீட்டி, முட்டையைப் பற்றிச் சொன்னார். பிறகு ரொட்டியைப் பற்றிச் சொன்னார். கூட்டம் மரியாதைக்குச் சிரித்தது. பிறகு விரலை உதட்டில் வைத்து, நாற்பது வருஷம் வகுப்புகளை நடுங்கவைத்த அந்த "உஷ்!" சொன்னார்.

யாரும் அடங்கவில்லை. ஒருவன் கோப்பையைத் தட்டினான். ஃபீன் அன்றைக்கு ஜெர்மானியர்கள் குழுவோடு வந்திருந்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். "மன்னிச்சுக்கணும்" என்று அவர்களிடம் சொன்னாள். "இன்னைக்கு வேற ஆளைப் போட்டிருக்காங்க. வழக்கமாப் பண்றவங்க பண்ணினா அசல் வாத்தியார் மாதிரியே இருக்கும்."

அக்காதான் பின்னாலிருந்து குழலை எடுத்து ஒரு "உஷ்" விட்டு மானத்தைக் காப்பாற்றினார்.

இதோடு வாத்தியார் விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அவர் விடுகிற ஆள் இல்லை. தப்பு எங்கே என்று யோசித்தார். தெருவுக்குப் பயிற்சி போதவில்லை என்று கண்டுபிடித்தார். அந்தக் குளிர்காலம் முழுக்க ஃபிர்மின் கடையில் கூட்டம் போட்டார். பொம்மை எந்தப் பக்கம் திரும்பவேண்டும், குழல்காரர்கள் எப்போது நிறுத்தவேண்டும், கூட்டத்தின் பதில்களில் எது இலக்கணப்படி சரி என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். முட்டைக் கேள்வி தரக்குறைவு என்று எடுத்துவிட்டார். நிலா வெளிச்சம் சொந்த விஷயம், அதையும் எடுத்துவிட்டார். அவற்றுக்குப் பதிலாக நகரத்தின் வரலாறு பற்றி லத்தீனில் ஒரு சிற்றுரை. வாய் திறந்தவர்களிடம் "உஷ், நான் பேசி முடிக்கலை" என்றார். மூக்கு மட்டும் அழகாகச் சின்னதாகிவிட்டது.

போன ஜூலையில் திருவிழா தொடங்குவதற்கு முந்தைய நாள், ஃபிர்மின் கடைக் கதவில் பூட்டுத் தொங்கியது.

"ஸ்பெயினுக்குப் போறேன்" என்றான் என்னிடம், காரில் பெட்டியை ஏற்றிக்கொண்டே. "பத்து நாள். கொஞ்சம் அமைதி வேணும் எனக்கு."

குழல்காரர்களும் ஆளுக்கு ஒரு மூலையில் அத்தை வீடு, மாமா வீடு என்று கண்டுபிடித்துவிட்டார்கள். லுத்கார்ட் அக்கா மட்டும் ஊரில்தான் இருந்தார். திருவிழாவின் முதல் நாள் சாயங்காலம் நீலக் கவுனைப் போட்டுக்கொண்டு, கழுத்தில் வெள்ளைக் கயிற்றை மாட்டிக்கொண்டு கீழே வந்தார்.

"எங்க கிளம்பிட்ட?" என்றார் வாத்தியார். கையில் சிற்றுரை இருந்தது.

"வெள்ளிச் சந்தைச் சதுக்கத்துக்கு. ஆடப்போறேன்."

"ஆறு மணிக்கு இங்க யாரு..."

"நீ இருக்கியே. என்ன, அசல் வாத்தியார் நீதானே?" என்று அவர் கன்னத்தில் தட்டிவிட்டு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஒளித்துவைத்து அனுபவித்ததை முதல்முறையாக வெளிச்சத்தில் அனுபவிக்கப் போகிறவரின் நடை அது. என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை.

ஆறு மணிக்கு எங்கள் தெருவில் என்ன நடந்தது என்று எதிர்வீட்டுப் பெண் பிறகு சொன்னாள். பொம்மை தூக்க ஆளில்லாததால் சுவரோடு சாய்த்துவைத்திருந்தது. வழி தவறி வந்த ஜோடி ஒன்றும், ஒரு நாயும் நின்றிருந்தன. வாத்தியார் சிற்றுரையை முழுக்க வாசித்தாராம். பிறகு "உஷ்!" என்றாராம். ஏற்கெனவே தெருவில் சத்தமே இல்லை. அவர் கொஞ்ச நேரம் ஜன்னலில் நின்று ஆற்றைக் கேட்டுவிட்டு, ஜன்னலைச் சாத்தினாராம்.

சதுக்கத்தில் நாங்கள் மூன்றாவது சுற்று ஆடிக்கொண்டிருந்தபோது சாம்பல் நிற மழைக்கோட்டு ஒன்று கூட்டத்துக்குள் முட்டி மோதிக்கொண்டு வருவதைப் பார்த்தேன். மேடையில் முரசுகள் அதிர்ந்துகொண்டிருந்தன. வாத்தியாரின் மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் சரிந்திருந்தது, யாரோ அவர் தோளில் பீரைக் கொட்டியிருந்தார்கள். அக்காவைக் கண்டதும் நின்றார். அக்கா ஆட்டத்தை நிறுத்தவில்லை. ஆடிக்கொண்டே தள்ளுவண்டிக்காரனிடம் கை காட்டி, வேகவைத்த கடல்நத்தை ஒரு கிண்ணம் வாங்கி, ஊசிக் குச்சியோடு அவர் கையில் திணித்தார். அவர் ஒன்றைக் குத்தி எடுத்துத் தின்றார். மிளகுக் காரத்தில் கண் கலங்கியது.

இரண்டு பேரும் ஒரே கிண்ணத்திலிருந்து குத்திக் குத்தித் தின்றார்கள். கிண்ணம் காலியானதும் வாத்தியார் குனிந்து அக்காவின் காதருகே ஏதோ சொன்னார்.

"என்ன?" என்று கத்தினார் அக்கா. "கேக்கல! சத்தமாச் சொல்லு!"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு, இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, மறுபடியும் சொன்னார். அப்போதும் கேட்கவில்லை.